கடைசி ரயில் போன பிறகு முடியும் ஆட்டம்

2023 நவம்பர் 11, சனிக்கிழமை. இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் போர்ன்மவுத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது. நியூகாசில் யுனைடெட் 2-0 எனத் தோற்றிருந்தது. தங்கள் ஊரிலிருந்து வந்திருந்த ரசிகர்கள் நின்ற மூலையை நோக்கி வீரர்கள் சோர்ந்த முகத்தோடு கைதட்டியபடி நடந்தார்கள். கூட்டத்திலிருந்து ஒருவர் கோபமாக ஏதோ கேட்டார். பின்கள வீரர் கீரன் டிரிப்பியர் அவர் அருகில் போய் நின்று பதில் சொன்னார். எத்தனை பேர் காயம்பட்டுக் கிடக்கிறார்கள் தெரியுமா என்பதுதான் அந்தப் பதிலின் சாரம். அன்றிரவே அந்தக் காட்சி கைபேசி கைபேசியாகச் சுற்றியது. ரசிகர் அப்படிக் கேட்டிருக்கலாமா, வீரர் அப்படிப் பேசியிருக்கலாமா என்று பட்டிமன்றமே நடந்தது.

தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கடிகாரத்தின் மேல்தான் போயிற்று. ஆட்டம் தொடங்கியதே மாலை 5.30 மணிக்கு. முடியும்போது ஏழரையை நெருங்கிவிட்டது. அங்கிருந்து நியூகாசில் ஏறத்தாழ 560 கிலோமீட்டர். ரயிலில் போவதென்றால் முதலில் லண்டன் வாட்டர்லூ, அங்கிருந்து நகரைக் குறுக்கே கடந்து கிங்ஸ் கிராஸ், பிறகு வடக்கே இன்னொரு மூன்று மணி நேரம். அந்தக் கணக்கு அன்றிரவு பலிக்காது. காரிலோ கோச் பஸ்ஸிலோ வந்தவர்கள் வீட்டுக் கதவைத் திறக்கும்போது பின்னிரவு இரண்டு, மூன்று மணி ஆகியிருக்கும். கோபப்பட்ட அந்த மனிதர் அன்று காலை எத்தனை மணிக்குப் படுக்கையை விட்டு எழுந்தார் என்ற கேள்வி மட்டும் அந்தப் பட்டிமன்றத்தில் என் காதில் விழவே இல்லை.

வேலை நிமித்தமாக நான்கு ஆண்டுகள் நியூகாசிலில் குடியிருந்தேன். கால்பந்து அந்த ஊருக்குச் சாப்பாடு மாதிரி. அடுத்த வீட்டில், கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார். சொந்த ஊர் ஆட்டத்துக்குப் போவதை அவர் ஒரு பெரிய விஷயமாகவே பேசமாட்டார். அடுத்த ஊருக்குப் போய்ப் பார்ப்பதுதான் அவருக்கு ஆட்டம். 'அவே மேட்ச்' என்ற சொல்லைச் சொல்லும்போதே குரல் மாறும்.

பிரீமியர் லீக்கில் ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் 38 ஆட்டங்கள். அதில் 19 எதிரணியின் மைதானத்தில். அந்த 19-க்கும் போகிறவர்கள் எல்லா அணிகளிலும் இருக்கிறார்கள். எதிரணி ரசிகர்களுக்கு 3,000 இருக்கைகள் ஒதுக்க வேண்டும் என்பது லீக்கின் விதி. மைதானம் சிறியதென்றால் மொத்த இருக்கைகளில் 10 விழுக்காடு. போர்ன்மவுத் மைதானத்தில் மொத்தமே 11,000 சொச்சம் பேர்தான் உட்கார முடியும். ஆக, நியூகாசிலின் 52,000 பேர் கொள்ளும் மைதானத்தை வாராவாரம் நிரப்புகிற கூட்டத்தில் அங்கே போக வாய்ப்பு கிடைப்பது ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு.

யார் அந்த ஆயிரம்? இதற்குத்தான் 'லாயல்டி பாயின்ட்' என்ற ஏற்பாடு. ஒவ்வொரு அவே மேட்சுக்கு டிக்கெட் எடுக்கும்போதும் உங்கள் கணக்கில் புள்ளி ஏறும். அடுத்த ஆட்டத்துக்கான விற்பனை, அதிகப் புள்ளி வைத்திருப்பவர்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கும். மழையிலும் பனியிலும் செவ்வாய்க்கிழமை இரவிலும் போனவர்களுக்கு முன்னுரிமை கிடைப்பது நியாயம்தான். ஆனால் புதிதாகச் சேரும் இருபது வயதுப் பிள்ளைக்குப் புள்ளி இல்லாமல் டிக்கெட் இல்லை. டிக்கெட் இல்லாமல் புள்ளி இல்லை. தலை நரைத்த கூட்டமாகவே அது முதிர்ந்துகொண்டு போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இளையவர்களுக்கென்று ஒரு பங்கை எல்லா அணிகளும் தனியே ஒதுக்கிவைக்க வேண்டும்.

குறுக்குவழி இருக்கிறதா என்று நானும் கேட்டேன். அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது இங்கிலாந்தில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சரி, உள்ளூர் ரசிகர்கள் பகுதியில் ஓர் இருக்கை வாங்கி உட்கார்ந்துகொள்ளலாமா? நியூகாசிலின் கருப்பு வெள்ளைச் சட்டையோடு அங்கே உட்கார்ந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். சட்டையை மாற்றிக்கொண்டு போனாலும், உங்கள் அணி கோல் போடும்போது உங்கள் முகத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டார் பெரியவர்.

என் முதல் பயணத் திட்டம் பாழானது இப்படி. ஜூன் மாதத்தில் பருவத்தின் முழு அட்டவணையும் வெளியாகும். பெரும்பாலான ஆட்டங்கள் அதில் சனிக்கிழமை மாலை 3 மணி என்ற கணக்கில் வரிசையாக நிற்கும். அதை நம்பக் கூடாது என்பது எனக்குத் தெரியவில்லை. தொலைக்காட்சி நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டிய ஆட்டங்களைப் பிறகுதான் பொறுக்கி எடுக்கும். சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் எந்த ஆட்டத்தையும் நேரலையில் காட்டுவதில்லை. மைதானங்களுக்குக் கூட்டம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக 1960-களிலிருந்து இருந்துவரும் ஏற்பாடு அது. எனவே தொலைக்காட்சிக்குப் பிடித்த ஆட்டம் ஒவ்வொன்றும் அந்த 3 மணியை விட்டு நகர்ந்தாக வேண்டும். சனி பகல் 12.30-க்கு, மாலை 5.30-க்கு, ஞாயிறுக்கு, வெள்ளி இரவுக்கு, சில சமயம் திங்கள் இரவு 8 மணிக்கு. அந்த மாற்றங்கள் பெரும்பாலும் ஐந்தாறு வாரங்களுக்கு முன்புதான் அறிவிக்கப்படும். ஐரோப்பியப் போட்டியோ எஃப்.ஏ. கோப்பையோ நடுவில் வந்தால் அதுவும் மறுபடி மாறும்.

ரயிலில் மலிவான 'அட்வான்ஸ்' டிக்கெட்டோ ஏறத்தாழ 12 வாரங்களுக்கு முன்பே விற்பனைக்கு வந்துவிடும். குறிப்பிட்ட ரயிலில் மட்டுமே செல்லும். பணம் திரும்பக் கிடைக்காது. அந்த 12 வாரத்துக்கும் இந்த ஆறு வாரத்துக்கும் நடுவில்தான் அவே ரசிகரின் வாழ்க்கை நடக்கிறது. நான் முந்திக்கொண்டு சனிக்கிழமைக்கு எடுத்தேன். ஆட்டம் திங்கள் இரவுக்குப் போனது. ரயில் காசு போனது, தங்கும் விடுதிக்குக் கட்டிய பணத்தில் பாதி போனது, திங்கள், செவ்வாய் இரண்டு நாள் விடுப்பும் கிடைக்கவில்லை. அந்த ஆட்டத்தை வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்காக நகர்த்தப்பட்ட ஆட்டம் அது. நான் அன்று தொலைக்காட்சி பார்ப்பவன் அல்லவா. போக நினைத்தவன் என்ற முறையில் என்னை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

"டிவிக்காரன் முதலில் முடிவு பண்ணட்டும், அப்புறம் பார்" என்றார் பெரியவர். அதன் பிறகு அவரிடம் பாடம் கேட்க ஆரம்பித்தேன்.

ஒரு வரைபடமும் சட்டப்புத்தகமும் சேர்ந்தது மாதிரி இருந்தது அவர் மூளை. ரயிலில் மூன்று முதல் ஒன்பது பேர் வரை சேர்ந்து போனால் பல தடங்களில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பதால், தனியாகப் போகிறவர்களைத் தேடிப்பிடித்துக் குழு சேர்ப்பார். ஒரே பயணத்தை இரண்டு, மூன்று துண்டுகளாக வெட்டித் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் சில சமயம் விலை குறையும். ரயில் நின்று செல்லும் ஊர்களில் வெட்டினால் போதும், இறங்கி ஏற வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டமா? தண்டவாளப் பராமரிப்பு எங்கே நடக்கிறது, எந்த இடத்தில் ரயிலை நிறுத்திப் பஸ்ஸில் ஏற்றுவார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார். டிசம்பர் 26-ஆம் தேதி கால்பந்து ஆடுவது இங்கிலாந்தில் நெடுங்கால வழக்கம். அதே 26-ஆம் தேதி நாட்டில் ரயில் அநேகமாக ஓடவே ஓடாது என்பதும் வழக்கம். இரண்டு வழக்கத்துக்கும் நடுவில் வழி கண்டுபிடிப்பது ரசிகரின் பாடு.

கோச் பஸ்ஸில் போவதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஓட்டுநர் ஒருவர் ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து மணி நேரம் போகலாம். நாலரை மணி நேரத்துக்கு ஒருமுறை 45 நிமிட ஓய்வு கட்டாயம். தென்கரைக்குப் போய்த் திரும்ப 13 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்ட வேண்டும். ஆக, இரண்டு ஓட்டுநர்கள். அந்த இரண்டாவது ஆளின் கூலியும் ஒவ்வோர் இருக்கையின் விலையில் ஏறுகிறது. ரசிகர்களை ஏற்றிச் செல்லும் கோச்சில் மது கொண்டுபோவதை 1985-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மைதானத்துக்குள்ளும், ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் குடிக்க முடியாது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எந்த பப் வெளியூர்க்காரர்களை உள்ளே விடும், எதன் கதவில் 'உள்ளூர் ரசிகர்களுக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டியிருக்கும், எந்த மைதானத்தில் ஏ4 தாளைவிடப் பெரிய பையை விடமாட்டார்கள், எங்கே சக்கர நாற்காலிக்கு இடம் சொற்பம், எல்லாம் அவருக்கு அத்துப்படி.

அடுத்தவர்கள் நியூகாசிலுக்கு வரும்போது படும் பாட்டையும் அவரே சொல்வார். செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் வெளியூர் ரசிகர்களின் இடம் ஏழாவது தளத்தில், கூரைக்கு அடியில். 14 அடுக்குப் படிக்கட்டுகள். ஏறி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு பார்த்தால் வீரர்கள் சுண்டுவிரல் அளவுக்குத் தெரிவார்கள். ஆனால் அங்கிருந்து நகரம் விரிந்து கிடப்பதைப் பார்க்கலாம்.

செலவு விஷயத்தில் ரசிகர்கள் ஒருமுறை ஜெயித்திருக்கிறார்கள். அவே டிக்கெட் விலை தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்தபோது, 20 பவுண்டு போதும் என்ற முழக்கத்தோடு கால்பந்து ரசிகர்கள் கூட்டமைப்பு 2013-இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. 2016 பிப்ரவரியில் லிவர்பூல் அணி தன் மைதானத்தின் புதிய பார்வையாளர் மாடத்தில் ஓர் இருக்கைக்கு 77 பவுண்டு என்று அறிவித்தது. அது அவே டிக்கெட் அல்ல, சொந்த ஊர்க்காரர்களுக்கானது. சண்டர்லாந்துடன் ஆடிய நாளில், சரியாக 77-ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ 10,000 பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். அப்போது 2-0 என்று முன்னிலையில் இருந்த லிவர்பூல், வெறிச்சோடிய இருக்கைகளின் முன்னே இரண்டு கோல் வாங்கி ஆட்டத்தைச் சமனில் முடித்தது. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த மாதமே பிரீமியர் லீக் அணிகள் கூடி, 2016-17 பருவத்திலிருந்து எந்த அவே டிக்கெட்டும் 30 பவுண்டைத் தாண்டாது என்று முடிவெடுத்தன. விலைவாசி எவ்வளவோ ஏறியும் அந்த 30 பல பருவங்களாக அசையாமல் நிற்கிறது. அணிகள் தாமாகக் கொடுத்த சலுகை என்று இதை யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். எழுந்து நடந்த கால்கள் வாங்கிக் கொடுத்தது அது.

ஆனால் இப்போது டிக்கெட்டைவிடப் பயணத்துக்குத்தான் கூடுதல் செலவு. நேரத்துக்கு உச்சவரம்பே இல்லை.

ஜெர்மனியில் அதற்கும் போராடியிருக்கிறார்கள். பன்டெஸ்லீகாவில் திங்கள் இரவு ஆட்டங்களை நுழைத்தபோது, வேலைக்குப் போகிறவன் எப்படி எதிரூருக்குப் போய்த் திரும்புவான் என்று கேட்டு 2018 பிப்ரவரியில் ஃபிராங்க்ஃபர்ட் ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசினார்கள். ஆட்டம் தாமதமானது. 2021-22 பருவத்திலிருந்து திங்கள் ஆட்டங்களே எடுக்கப்பட்டுவிட்டன. அதே ஃபிராங்க்ஃபர்ட் ரசிகர்கள்தான் 2022 ஏப்ரலில் பார்சிலோனாவுக்குப் படையெடுத்தவர்கள். ஒதுக்கப்பட்டவை 5,000 டிக்கெட்டுகள். கேம்ப் நூ மைதானத்துக்குள் வெள்ளைச் சட்டையோடு இருந்தவர்கள் அதைப் போலப் பல மடங்கு. சொந்த மண்ணிலேயே பார்சிலோனா வெளியூர் அணியைப் போல ஆடி 3-2 எனத் தோற்றது. நடந்ததைப் பார்த்து வெட்கப்படுகிறேன் என்று அந்த அணியின் தலைவர் லாபோர்ட்டா சொல்லும்படி ஆனது.

எத்தனை திட்டம் போட்டாலும் வானம் கலைத்துவிடும் நாளும் உண்டு. 2021 நவம்பர் 28 அன்று பர்ன்லியில் டாட்டனம் ஆட வேண்டிய ஆட்டம், கொட்டிய பனியால் தொடக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான நேரம் இருக்கும்போது தள்ளிவைக்கப்பட்டது. அந்த ஆட்டத்துக்காக அமெரிக்காவின் டல்லஸ் நகரிலிருந்து 31 மணி நேரம் பயணம் செய்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். செய்தி அறிந்த டாட்டனம் வீரர் ஹாரி கேன், அடுத்த முறை என் விருந்தினராக வாருங்கள் என்று அழைத்தார். அவர்களுக்கு அந்த அழைப்பு கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். அதே பனியில் லண்டனிலிருந்து வந்து திரும்பிய மற்றவர்களுக்கு டிக்கெட் மட்டும் அடுத்த தேதிக்குச் செல்லும். பெட்ரோல் காசும் ரயில் காசும் போனது போனதுதான்.

இதைவிடக் கனமான விஷயம் ஒன்றை எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆட்டம் பார்க்கக் கிளம்பியவர்கள் வீடு திரும்பாமல் போயிருக்கிறார்கள். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் பொதுவான ஊர் அது; இரு தரப்பும் வெளியூர்க்காரர்களே. நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். ரசிகர்கள் மீதே பழி போடப்பட்டது. அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மீது தவறில்லை என்று 2016-இல் ஜூரி சொல்வதற்கு 27 ஆண்டுகள் ஆயின. 2000 ஏப்ரலில் கலட்டசராய் அணியுடனான ஆட்டத்துக்கு முந்தைய இரவு, இஸ்தான்புல் வீதியில் லீட்ஸ் ரசிகர்கள் இருவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். 2023 செப்டம்பரில் மிலானுக்குப் போன நியூகாசில் ரசிகர் ஒருவரும் ஆட்டத்துக்கு முந்தைய இரவு கத்திக்குத்துக்கு ஆளானார், உயிர் தப்பினார்.

அர்ஜென்டினாவில் இதற்கு ஒரேயடியாகக் கதவைச் சாத்தினார்கள். 2013-இல் லா பிளாட்டா நகரில் லானூஸ் அணியின் ரசிகர் ஒருவர் இறந்த பிறகு, லீக் ஆட்டங்களுக்கு வெளியூர் ரசிகர்கள் வருவதற்கே தடை விதித்தார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் அந்த நாட்டின் மைதானங்களில் பெரும்பாலும் ஒரே நிறம்தான் இருந்தது. எதிர்ப்பாட்டு இல்லாத மைதானத்தில் கோல் விழுந்தால் சத்தம் ஒரு பக்கமாகவே எழும், ஒரு பக்கமாகவே அடங்கும். அப்படி வளரும் பத்து வயதுப் பிள்ளைக்கு, எதிரணிக்காரன் தன் ஊருக்கு வந்து பாடுவான் என்பதே தெரியாமல் போய்விடும்.

நம் பக்கத்தில் இந்தப் பழக்கம் இப்போதுதான் வேர் பிடிக்கிறது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் சென்னையின் எஃப்.சி. 3-2 என வென்று ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கியபோது, பெங்களூரு ரசிகர்களின் நீலக் கடலுக்குள் சென்னையிலிருந்து போன ரசிகர்களும் இருந்தார்கள். கேரளா பிளாஸ்டர்ஸ் சென்னைக்கு ஆட வந்தால் நேரு விளையாட்டரங்கில் மஞ்சள் எப்படிப் பரவும் என்பதை அங்கே போனவர்கள் அறிவார்கள். 2022 மார்ச் 20 அன்று கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தைப் பார்க்க மலப்புறத்திலிருந்து பைக்கில் கிளம்பிய இரண்டு இளைஞர்கள், காசர்கோடு மாவட்டத்தில் விபத்தில் இறந்துபோனார்கள். அன்றிரவு பிளாஸ்டர்ஸ் பெனால்டியில் தோற்றது. அந்தச் செய்தியைப் படித்தபோது பெரியவரின் கோச் பஸ்ஸும், இரண்டாவது ஓட்டுநரும், 45 நிமிட ஓய்வும் நினைவுக்கு வந்தன. வெளியூர் ரசிகர்களுக்கு ஒரு சிறப்பு ரயிலோ, அணியே ஏற்பாடு செய்யும் பஸ்ஸோ இங்கே ஏன் வழக்கமாகக் கூடாது?

கேட்பது பெரிதல்ல. 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் இரு ஊர்களின் ஆட்டத்தை, வந்தவர்கள் ரயிலில் திரும்ப முடியாத நேரத்துக்கு நகர்த்தக் கூடாது. மாற்றுவதென்றால், ரயில் டிக்கெட் விற்பனைக்கு வருவதற்கு முன் மாற்ற வேண்டும். அதன் பிறகு மாற்றினால், நஷ்டத்தை மாற்றியவர்கள் ஏற்க வேண்டும். வெளியூர் ரசிகர்களின் பாட்டும் கொடியும் இல்லாத ஒளிபரப்பை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள். அந்தச் சத்தத்துக்குச் சேர வேண்டிய பங்கில் ஒரு துளிதான் இது.

2025 மார்ச் 16 அன்று வெம்ப்ளியில் லிவர்பூலை 2-1 என வீழ்த்தி நியூகாசில் லீக் கோப்பையை வென்றது. 1955-க்குப் பிறகு உள்நாட்டில் கிடைத்த முதல் பெரிய கோப்பை. எழுபது ஆண்டுகள். நான் அப்போது ஊர் திரும்பியிருந்தேன். மைதானத்தின் ஒரு பாதி முழுக்கக் கருப்பு வெள்ளைக் கொடிகள். பெரியவருக்கு டிக்கெட் கிடைத்திருக்குமா என்று நான் கேட்க வேண்டியதே இல்லை; அத்தனை புள்ளி வைத்திருந்தார்.

அவரோடு நான் போய்வந்த ஒரே பயணத்தின் கடைசி அரைமணி நேரம் மட்டும் அப்படியே நினைவிருக்கிறது. தென்கரையில் தோற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். கோச்சுக்குள் விளக்கு அணைந்திருந்தது, கண்ணாடியில் நீராவி. கேட்ஸ்ஹெட்டை நெருங்கும்போது ஏ1 சாலையோரம் ஒரு மேட்டின் மேல் 'ஏஞ்சல் ஆஃப் த நார்த்' என்ற எஃகுச் சிலை நிற்கும். 20 மீட்டர் உயரம், 54 மீட்டருக்கு விரித்த சிறகு. 1998-இல் நிறுவினார்கள். அந்த ஆண்டே எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முன்பு, ரசிகர்கள் அதற்கு ஆலன் ஷியரரின் 9-ஆம் எண் போட்ட மாபெரும் சட்டையை மாட்டிவிட்டார்கள். வெம்ப்ளியில் ஆர்சனலிடம் 2-0 எனத் தோற்றார்கள். இந்தக் கதையைப் பெரியவர் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே முன்னிருக்கையில் யாரோ "ஏஞ்சல்" என்றார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்கள். பிறகு குனிந்து, இருட்டில் தங்கள் காலணிகளைத் தேட ஆரம்பித்தார்கள். மணி மூன்று. பெரியவர் கைபேசியை எடுத்து வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். அடுத்த அவே மேட்சுக்கான விற்பனை செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்குகிறதாம்.